குச்சி முனைக் குங்குமம்

அவர் ஆட வந்தால் மேசையில் கிடக்கும் கலர் பந்துகளை எல்லாம் நான் அள்ளி ஓரமாக வைத்துவிட வேண்டும். ஒன்றுகூட இருக்கக் கூடாது. பூல் டேபிளில் கலர் பந்தே இல்லாமல் ஆடுகிற ஆள் இந்தப் பழனி மலைத்தொடரில், ஏன், உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெள்ளைப் பந்தை மட்டும் இந்தக் கோடியில் இருக்கும் புள்ளியில் வைப்பார். குனிந்து, குச்சியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார். அப்புறம் மெதுவாக ஒரு தட்டு. பந்து நேராக அந்தக் கோடிக்கு உருண்டு போய், விளிம்பு ரப்பரில் முட்டி, போன வழியிலேயே திரும்பி வந்து, அவர் அசையாமல் நீட்டிப் பிடித்திருக்கிற குச்சியின் முனையைத் தொட்டு நிற்கும்.

"சரி தம்பி, வாரேன்" என்பார். குச்சியை ஸ்டாண்டில் செருகிவிட்டு வெளியே போய் வேனை எடுப்பார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற ஆட்டம் அது.

பெருமாள்மலை முக்கில், பழனி ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் என் கடை. முன்னால் பழக்கடை, பின்னால் பூல் ரூம், அதற்கும் பின்னால் வீடு. அவர் பெருமாள்மலைக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே ஷேர் வேன் ஓட்டினார். காலையில் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ரேஷன் கடைக்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், பிள்ளைகள் என்று நிறைத்துக்கொண்டு போவார். வரும்போது ஆட்களோடு சௌசௌ மூட்டையும் வாழைத்தாரும் சேர்ந்து வரும். அந்த டீச்சர்களில் ஒருத்தி என் மனைவி. டிரைவர் பக்கத்து ஸீட் அவளுடையது. வேன்காரர் பெயரை எழுதாதீர்கள் என்று அவள்தான் சொன்னாள். எழுதினால், "எதுக்குத் தம்பி என்னைய ஊர் பூராம் இழுக்குறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். வேன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் வேன்காரண்ணே. எனக்கும் அப்படியே இருக்கட்டும்.

நான் எப்படி பூல் ரூம் முதலாளி ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. கொடைக்கானலில் ஒரு ஹோட்டலுக்குப் பழம் போடப் போன இடத்தில், கையில்லாத கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருவர் பூல் ஆடியதைப் பார்த்தேன். பந்து அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பேரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்தபடி நின்ற எனக்கு, அந்தக் கைதட்டல் எனக்கு வரவேண்டியது, யாரோ வாங்கிக்கொண்டு போகிறார் என்று தோன்றியது. அன்றிலிருந்து போனில் ஓயாமல் பூல் வீடியோ. கோயம்புத்தூரில் மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து பழைய டேபிள் ஒன்று வந்து இறங்கியது. கையில்லாத கோட்டும் தைத்தாகிவிட்டது. பெருமாள்மலைக் குளிரில் அதைப் போட்டால் கை விறைத்துக் குச்சியைப் பிடிக்க முடியாது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.

திறப்பு விழா அன்று என் மனைவி முறைப்படி பூஜை போட்டாள். கல்லாப்பெட்டிக்குச் சந்தனம் குங்குமம், டேபிளின் காலுக்குக் குங்குமம், குச்சிகளுக்குக் குங்குமம். கடைசியாக வெள்ளைப் பந்தை எடுத்து, அதன் நடுவிலும் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்தாள். ஸ்டாண்டிலேயே மூத்தவர் என்று வேன்காரரைக் கூப்பிட்டு முதல் அடி அடிக்கச் சொன்னோம். அதுவரை பூல் டேபிளை அவர் தொட்டதே இல்லை. பொட்டு தன் பக்கம் பார்க்கும்படி பந்தைத் திருப்பி வைத்தார்.

"இதுல எங்க அடிக்கணும் டீச்சர்?" என்று அவளைக் கேட்டார். முதலாளி நான், கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். கேட்டது அவளிடம்.

"பொட்டு வச்சிருக்கேன்லண்ணே, அதுலயே அடிங்க" என்றாள் அவள்.

அடித்தார். பந்து போய் முட்டித் திரும்பி வந்து அவர் குச்சியையே தொட்டது. அவர் முனையைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தோல் முனையின் நட்டநடுவில் குங்குமம் ஒட்டியிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கென்று நான் வாங்கி வைத்திருந்த கைதட்டல் அது.

"இப்ப ஓனர் அடிப்பாரு!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். மனைவி மறுபடி பொட்டு வைத்தாள். வீடியோவில் பார்த்தபடி இடுப்பை வளைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஓங்கி அடித்தேன். பந்து அந்தக் கோடியில் முட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, நேராக மூலைக் குழிக்குள் போய் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் குங்குமம் வைத்தது வைத்தபடி இருந்தது. என் குச்சி முனையில் ஒரு துளி சிவப்பு இல்லை.

"பந்துக்கு வச்ச பொட்டு கலையாம குழியில எறக்கிட்டீங்களே, பெரிய ஆளுதான்" என்றாள் என் மனைவி.

பந்தின் நடுவை அடிப்பது அத்தனை லேசில்லை என்பதை இந்த இடத்தில் நான் சொல்லியாக வேண்டும், என் மானத்துக்காகவாவது. ஒரு நூல் இடம் வலம் தள்ளிப் பட்டாலும் பந்து சுழன்றுகொண்டே போகும். போகும்போது தெரியாது, நேராகத்தான் போகிற மாதிரி இருக்கும். ரப்பரில் முட்டியதும் குட்டு வெளிப்படும். நடு என்று நம் கண் சொல்கிற இடம் பெரும்பாலும் நடு இல்லை. ஒவ்வொருவர் கண்ணும் ஒரு பக்கமாக ஏமாற்றும். என் கண் எந்தப் பக்கம் ஏமாற்றுகிறது என்றுகூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அது நாளுக்கு ஒரு பக்கம் ஏமாற்றியது.

அதனால் நான் காரணங்களைக் கண்டுபிடித்தேன். பனி இறங்கித் துணி ஈரமாகிவிட்டது என்றேன். அதற்காகத் தினமும் டேபிள் துணிக்கு இஸ்திரி போட்டேன். "என் சேலைக்கு ஒரு நாள் போட்டிருப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி. குச்சி வளைந்திருக்கிறது என்றேன். டேபிள் சாய்ந்திருக்கிறது என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி வந்து வைத்துப் பார்த்தேன். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. அது என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்ததால் பரண் மேல் தூக்கிப் போட்டேன்.

வேன்காரர் ஒருநாளும் காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. யாருக்கும் பூசி மெழுகியும் பேச மாட்டார். கொடைக்கானலிலிருந்து இறங்கிய ஒரு டூரிஸ்ட் கும்பல் முன்னால் நான் ஒரு தரம் வளைவு ஷாட் காட்டப் போனேன். பந்து எகிறி, டேபிளைத் தாண்டி, பழக்கடைக்குள் பாய்ந்து, ப்ளம்ஸ் கூடைக்குள் விழுந்தது. கும்பலுக்கு நல்ல சிரிப்பு. நானும் வேண்டுமென்றே செய்தது போலச் சிரித்து வைத்தேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பந்தப் பாத்து அடிங்க தம்பி. பாக்குறவங்களப் பாத்து அடிக்காதீங்க" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொன்னாரே என்று அவருடன் பேசாமல் இருந்தேன். நான் பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. மறுநாள் வெள்ளனே வந்தார், பந்தைத் தட்டினார், "சரி தம்பி, வாரேன்" என்று போனார். கோபத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

எதற்காக இதைத் தினமும் செய்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. சாமி கும்பிடுகிற மாதிரி ஏதோ ராசி என்று நினைத்திருந்தேன். ஒரு மார்கழிக் காலையில் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். தட்டினார். பந்து ஒரு கை அகலம் தள்ளி வந்து நின்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் விலகியது. குச்சியைச் செருகிவிட்டு வெளியே போய், வேனில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "எல்லாரும் எறங்குங்க. இன்னைக்கு வண்டி போகாது" என்றார்.

"என்னண்ணே இது, பஸ்ஸும் போயிருச்சு. தோட்டத்துல சோலி கெடக்கு!" என்று ஓர் அம்மா கத்தினார்.

"காச்ச அடிக்குதும்மா. கை நேரா இல்ல."

"காச்சன்னா மாத்திரையப் போட்டு ஓட்டுங்க. எம்புட்டு காலமா ஓட்டுறீங்க, இந்த ரோடு தெரியாதா?"

"ரோடு எனக்குத் தெரியும். எனக்குத்தேன் இன்னைக்கு என்னையத் தெரியல" என்றார். வேனின் கைப்பிடியைக்கூடத் தொடாமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அன்று என் மனைவி ஒரு சிமெண்டு லாரியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் என்னிடம் சொன்னாள்: "லைசென்ஸ் குடுக்குறப்ப எழுத்தக் காட்டிப் படிக்கச் சொல்லுவாங்க, எட்டுப் போடச் சொல்லுவாங்க. அப்புறம் யாரு பாக்குறா? அந்த மனுசன் தன்னையத் தானே தெனம் பாத்துக்குறாரு. வண்டியில ஏத்துறதுக்கு முன்னால கை நேரா இருக்கா, கண்ணு நேரா இருக்கான்னு பாத்துட்டுத்தான் சாவியத் திருப்புறாரு. நீங்க அதை டூரிஸ்டுக்குச் சொல்லிச் சிரிக்கிறீங்க."

பண்ணைக்காட்டு வழியில் ஊத்து என்கிற இடத்துப் பக்கம் இறங்குகிற வளைவுகளை நான் அறிவேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பக்கத்து ஸீட்டில்தான் அவள் தினமும் உட்கார்ந்து போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து அவர் வருவதற்கு முன்பே பந்துகளை அள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். பந்து திரும்பி வந்து குச்சியைத் தொடுகிற சத்தம் கேட்டால்தான் எனக்கும் டீ இறங்கும்.

இப்படியே வருஷங்கள் போயின. இதற்கிடையில் ஓர் அதிசயம் நடந்தது. என் பந்தும் திரும்பி வர ஆரம்பித்தது!

முதல் தரம் வந்தபோது நான் நம்பவில்லை. மறுபடி தட்டினேன், வந்தது. அவரை மாதிரியே மெதுவாக, அவர் வைக்கிற அதே புள்ளியில் வைத்து, நடுவில். வந்து டொக்கென்று குச்சியைத் தொட்டது. வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "வித்தை கைக்கு வந்துருச்சு பாத்தியா" என்றேன். ஸ்டாண்டு பூராவும் சொன்னேன். டூரிஸ்டுகளிடம் பந்தயம் வைத்தேன்: பந்து திரும்பி வராவிட்டால் ஒரு கிலோ ப்ளம்ஸ் இலவசம். யாருக்கும் இலவசமாக ப்ளம்ஸ் கிடைக்கவில்லை. மடித்து வைத்த கோட்டை மறுபடி எடுத்தேன். வயிறு முன்னால் வந்துவிட்டதால் பொத்தான் போட முடியவில்லை, திறந்துவிட்டுக்கொண்டு ஆடினேன்.

வேன்காரர் மட்டும் என் ஷாட்டை நின்று பார்த்துவிட்டு, "நல்லா வருது தம்பி" என்றார். கொஞ்சம் யோசனையாகச் சொன்ன மாதிரி இருந்தது. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "அண்ணே இப்பல்லாம் வளைவுல ரொம்ப ஓரத்த ஒட்டிப் போறாரு. இன்னைக்கு ஊத்து வளைவுல சன்னல் வழியா வெறும் பள்ளந்தான் தெரிஞ்சுச்சு. ஓரமாப் போகுதுண்ணேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்."

"யாரு, அவரா? காலையில பந்தப் பாத்தேல்ல? இம்மி பிசகாம வந்துச்சு. நீ போனைப் பாத்துக்கிட்டே போயிருப்ப, தல சுத்திருக்கும்" என்றேன் நான்.

அவள் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். பந்து வந்ததை அவளும்தான் பார்த்திருந்தாள்.

சீசன் நெருங்கியது. டேபிளின் பச்சைத் துணி அங்கங்கே வெளுத்துப் போயிருந்தது. வீடியோக்களில் இப்போதெல்லாம் நீலத் துணிதான். போட்டோவில் நீலம் எடுப்பாக விழும், டூரிஸ்டுகள் எடுத்துப் போடுவார்கள், பெருமாள்மலை பூல் ரூம் உலகம் பூராவும் தெரியும். நான் போடும் கோட்டுக்கும் நீலம் பொருந்தும். மதுரையிலிருந்து ஆள் வந்து பழைய துணியை உரித்துவிட்டு நீலத்தை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நான் கோட்டோடு வாசலில் நின்றேன்.

வழக்கம் போல வேன் வந்து நின்றது. ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். என் மனைவியும் பையோடு முன் ஸீட்டில் ஏறிவிட்டாள். அவர் உள்ளே வந்து நீலத் துணியைப் பார்த்தார். "கல்யாண வீடு மாதிரி இருக்கு தம்பி" என்றார். பந்தை வைத்தார், குனிந்தார், தட்டினார்.

பந்து ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"புதுத் துணிண்ணே, அப்பிடித்தான் இருக்கும்" என்றேன் நான் உடனே.

அவர் பந்தை எடுத்து வந்தார். மறுபடி வைத்துத் தட்டினார். அதே ஒரு சாண், அதே பக்கம்.

"பனிண்ணே. துணியில ஈரம் ஏறியிருக்கும். இருங்க, இஸ்திரி போட்டுர்றேன்."

மூன்றாவது தடவையும் அப்படியே ஆனது.

"குச்சியப் பாருங்க, லேசா வளைஞ்ச மாதிரி இல்ல? வேற குச்சி தாரேன். டேபிளத் தூக்கி வச்சதுல மட்டம் மாறியிருக்கும்ணே."

எனக்காக நான் சேர்த்து வைத்திருந்த காரணம் ஒவ்வொன்றையும் அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். ஒன்றையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "மட்டம் பாக்குற சாமான் வச்சிருந்தீங்களே, அதை எடுங்க" என்றார். பரணிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தூசி தட்டி டேபிளின் மேல் வைத்தேன். தயவுசெய்து ஒரு பக்கமாவது ஓடு என்று அந்தக் குமிழியை மனதுக்குள் கெஞ்சினேன். அது நடுவில் நின்றது. திருப்பி வைத்தேன், அப்போதும் நடுவில்தான் நின்றது.

வெளியே ஹாரன் அடித்தார்கள். "வெரசா வாங்கண்ணே, நேரமாகுது!"

அவர் வாசலுக்குப் போய், "டீச்சர், ஒரு நிமிசம் எறங்கி வாங்க. அந்தக் குங்குமத்த எடுத்துட்டு வாங்க" என்றார்.

என் மனைவி முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். திறப்பு விழா அன்று வைத்தது போலவே பந்தின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். அவர் பொட்டைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக் குனிந்தார். அப்போதுதான் முதல் முறையாக நான் பந்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். இடது கண்ணை நன்றாக இடுக்கியிருந்தார். பின்னால் குச்சியைப் பிடித்திருந்த கை லேசாக ஆடியது. எத்தனையோ காலமாக அவர் பக்கத்திலேயே நின்று பந்தை மட்டும் பார்த்திருக்கிறேன், மடையன்.

தட்டினார். பந்து போய்த் திரும்பி, ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. கையில் எடுத்துப் பார்த்தார். குங்குமம் வைத்தது வைத்தபடி இருந்தது. என் பொட்டு அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி.

இத்தனை வருஷமாக இதில் எனக்கு ஒரு துணை கிடைக்காதா என்று ஏங்கியவன் நான். கிடைத்தபோது வேண்டாம் என்றிருந்தது.

அவர் வெளியே போனார். "எல்லாரும் எறங்குங்கப்பா."

"மறுபடியும் காச்சலாண்ணே?"

"இல்ல. நான் இனிமே ஓட்டக் கூடாது."

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஸ்டாண்டில் நின்ற ஒரு டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியை அவர் கையில் வைத்து, "இவங்கள எறக்கி விட்டுட்டு வா. நான் சொல்ற வரைக்கும் நீதேன் ஓட்டணும்" என்றார். என் மனைவி அந்த டிரிப்பில் போகவில்லை.

திரும்பி உள்ளே வந்து, பழைய துணி எங்கே என்று கேட்டார். பழக்கூடைகளை மூடப் போட்டிருந்தேன். அதை உருவி, வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் தரையில் விரித்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். துணியின் நட்டநடுவே, இந்தப் புள்ளியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், பளபளவென்று ஒரு கோடு போயிருந்தது. விரலை வைத்தால் லேசாகப் பள்ளம் தட்டியது. வருஷக்கணக்கில் ஒரே வழியாகப் போய் வந்த பந்து துணியைத் தேய்த்துத் தனக்கு ஒரு தடம் போட்டுக்கொண்டிருக்கிறது. மெதுவாக உருளுகிற பந்து கொஞ்சம் விலகிப் போனாலும் அந்தத் தடம் பிடித்து இழுத்து வந்து குச்சியிலே விட்டிருக்கிறது. அவர் பந்தை மட்டுமா? என் பந்தையும்தான். என் வித்தை, என் பந்தயம், ப்ளம்ஸ், கோட்டு எல்லாம் அந்தப் பள்ளத்தில் ஓடியதுதான்.

அவர் அந்தத் தடத்தின் மேல் விரலை இங்கிருந்து அங்கே ஓட்டினார்.

"இது எம்புட்டு நாளா என்னையக் கூட்டிட்டு வந்துச்சோ, தெரியலையே தம்பி" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவியைப் பார்த்தார்.

"டீச்சர், அன்னைக்கு ஊத்து வளைவுல, ஓரமாப் போகுதுன்னு சொன்னீங்கள்ல?"

"சும்மா சொன்னேண்ணே. பயந்தாங்கொள்ளி நானு."

"சும்மா இல்ல டீச்சர். நேரா இருக்குன்னு நெனச்சேன் நான். காலையில பந்து வந்துச்சேன்னு நெனச்சேன். பிள்ளைக எல்லாம் ஏறுச்சுகளே..."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நடந்துபோனதற்கு அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடக்காமல் போன விபத்துக்காக ஒருவர் அப்படி அழுததை அன்றுதான் பார்த்தேன். என் மனைவியும் அழுதாள். கோட்டைப் போட்டுக்கொண்டு நான் நின்றேன், அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்ல வேள துணிய மாத்துனீங்க தம்பி. புண்ணியமாப் போவும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நீலக் கலர் போட்டோவில் நன்றாக விழும் என்பதற்காக மாற்றியவன் நான். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதையும் தெரியாமல் செய்திருக்கிறேன்.

வத்தலகுண்டில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். கண்ணில் புரை, அதை எடுத்துவிடலாம் என்றார். கை நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார், நிற்கும் என்று சொல்லவில்லை. கண் சரியான பிறகும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வேனை அந்த ஸ்டாண்டு டிரைவரிடமே விட்டுவிட்டு, மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் கட்டிக் கொடுத்திருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே மருமகனின் தென்னந்தோப்பு இருக்கிறது. போன் செய்தால், "இங்க வெக்க தாங்கல தம்பி, ஆனா ரோடு நேராக் கெடக்கு" என்பார். டீச்சர் எப்படிப் போகிறார் என்று கேட்பார். புது டிரைவர் வளைவில் எப்படி ஓட்டுகிறார் என்று அவளிடமே தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

எனக்குத்தான் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. கடை திறந்ததும் கலர் பந்துகளை அள்ளி வைத்துவிட்டு, வெள்ளைப் பந்தைப் புள்ளியில் வைத்துத் தட்டுவேன். புதுத் துணியில் என் பந்து நாளுக்கு ஒரு மூலைக்குப் போனது. கோட்டைப் போடுவதை விட்டுவிட்டேன், அது இப்போது ரசமட்டத்தோடு பரணில் இருக்கிறது. ஆனாலும் அதே புள்ளியிலிருந்து வருஷக்கணக்கில் தினமும் தட்டினேன். மனைவி வேனில் ஏறுவதற்கு முன்னால் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எந்த ஊருக்குப் போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

போன வாரம் பந்து திரும்பி வந்தது.

நேராகப் போய், முட்டி, நேராக வந்து குச்சியைத் தொட்டது. மறுபடி தட்டினேன், வந்தது. மறுபடியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மனைவி வீட்டில் இருந்தாள். சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் அய்யம்பாளையத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டேன்.

"அண்ணே, வந்துருச்சுண்ணே! பந்து திரும்பி வந்துருச்சு! மூணு தரம் அடிச்சேன், மூணு தரமும் குச்சியிலயே!"

அந்தப் பக்கம் தென்னை மட்டை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"துணி மாத்தி எம்புட்டு நாளாச்சு தம்பி?" என்றார்.

நான் துணியைப் பார்த்தேன். குனிந்து விரலை வைத்தேன். நீலத்தில் தடம் அவ்வளவாகத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

"குங்குமம் வச்சு அடிங்க" என்றார் போனில்.

அவள் ஏற்கெனவே சிமிழை எடுக்கப் போயிருந்தாள். பொட்டு வைத்தாள். தட்டினேன். பந்து ஒழுங்காகத் திரும்பி வந்து குச்சியைத் தொட்டது. எடுத்துப் பார்த்தேன்.

"என்னாச்சு தம்பி?"

"பொட்டு அப்பிடியே இருக்குண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் அன்னைக்கு அப்பிடியேதேன் இருந்துச்சு. உங்களுக்கென்ன தம்பி, வெளிய வண்டியில ஆளா ஏறி ஒக்காந்துருக்கு? ஆடுங்க, ஆடுங்க" என்றார்.